மூன்று நானோமீட்டர் இடைவெளி: அடுக்கு கடந்து இழுக்கும் எலக்ட்ரான்கள்

திருவட்டாறுக்கு அருகேயுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மீது நின்று பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் இரண்டு நீரோட்டங்கள் தெரியும். காலடியில் கான்கிரீட் தொட்டிக்குள் பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர் ஓடுகிறது. 115 அடிக்குக் கீழே பரளியாறு தன் போக்கில் போகிறது. தொட்டியில் தண்ணீர் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கீழேயுள்ள ஆற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தொட்டியில் ஓட்டை விழுந்து நீர் கீழே கொட்டினால் ஒழிய, இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று அறியா.

இந்த அமைப்பை மனத்துக்குள் சுருக்கிக்கொண்டே போவோம். தண்ணீருக்குப் பதிலாக எலக்ட்ரான்கள். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் பதிலாக ஓரணுத் தடிமன் கொண்ட இரண்டு தாள்கள். 115 அடிக்குப் பதிலாக மூன்று நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பாகங்களாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம். இப்போது மேல்தாளில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஓர் எலக்ட்ரான்கூடக் கீழே இறங்காத நிலையிலும், கீழ்த்தாளின் இரு முனைகளுக்கிடையே ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. இடைவெளியை இன்னும் குறைத்து, எலக்ட்ரான்களின் நெருக்கத்தையும் தக்கபடி அமைத்தால், இரண்டு தாள்களையும் இரண்டு என்று எண்ணுவதே தவறு என்னும் நிலை வந்துவிடுகிறது. இருபரிமாணப் பொருட்கள் பற்றிய செய்திகளில் தாள்கள்தாம் பெரும்பாலும் பேசப்படுகின்றன. என் பார்வையில், இந்த ஆய்வுகளின் மையப்பொருள் அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட், கார்பன் தாள்கள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள். அதிலிருந்து ஒற்றைத் தாளை ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து அதன் மின்பண்புகளை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்தாந்தின் நோவோசெலோவும். அந்தத் தாளுக்குப் பெயர் கிராஃபீன். 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அதற்காகவே இருவருக்கும் கிடைத்தது. கிராஃபீனைப் போலவே அறுகோண வலையமைப்பு உடையதும், ஆனால் மின்சாரம் கடத்தாததுமான போரான் நைட்ரைடு இந்தத் துறைக்கு அதே அளவு முக்கியமானது. அதன் ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நானோமீட்டர் தடிமன் உடையது. எனவே இரண்டு கிராஃபீன் தாள்களுக்கு நடுவே எத்தனை போரான் நைட்ரைடு தாள்களை வைக்கிறோம் என்று எண்ணியே இடைவெளியை அமைத்துக்கொள்ளலாம். உலகின் பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் மிகத் தூய போரான் நைட்ரைடு படிகங்கள், ஜப்பானின் ஸுகுபா நகரில் வதனபே, தனிகுச்சி என்னும் இருவரின் கைவண்ணத்தில் வளர்ந்தவை. அதனால்தான் இத்துறையின் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசையில் அவ்விரு பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன.

மூன்று நானோமீட்டர் என்பது சிறியதா, பெரியதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கிராஃபீனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்களைக் கூடுதலாக ஏற்றுவது வழக்கமான அளவு. கேட்பதற்குப் பெரும் கூட்டமாகத் தோன்றினாலும், கணக்கிட்டால் ஏறத்தாழ 3,800 கார்பன் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற விகிதம்தான் வரும். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்களுக்கு நடுவே சராசரியாகப் பத்து நானோமீட்டர் தூரம் இருக்கும். அதாவது, தன் தாளிலேயே உள்ள அண்டை எலக்ட்ரானைவிட, எதிர்த்தாளில் நேர் எதிரே நிற்கும் எலக்ட்ரான் மூன்று மடங்குக்கு மேல் அருகில் இருக்கிறது. கூரை வேறு, குடும்பம் வேறு என்றாலும், தன் வீட்டுக்காரனைவிடச் சுவருக்கு அப்பால் இருப்பவனே பக்கத்தில் இருக்கும் நிலை இது. இடைவெளிக்கும் தாளுக்குள்ளான சராசரித் தூரத்துக்கும் உள்ள இந்த விகிதமே இனி வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஏன் அப்படி என்பதை நம் கடற்கரையிலேயே விளக்கலாம். குளச்சல், இனயம், கடியபட்டணம் பகுதிகளில் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை முக்குளித்து எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும்: காற்று கிளப்பும் சிற்றலைகள் மேற்பரப்பில் எவ்வளவு சலசலத்தாலும், கொஞ்சம் ஆழம் போனதும் அவற்றின் சுவடே இராது, தொலைதூரத்திலிருந்து உருண்டு வரும் நீண்ட அலையோ அடியில் இருப்பவரையும் அசைத்துவிடும். ஆழ்கடலில் இதற்கு ஒரு துல்லியமான விதி உண்டு. ஓர் அலையின் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு இறங்கினால், அந்த அலையின் அசைவு மேற்பரப்பில் இருந்ததில் நான்கு விழுக்காடாகத் தேய்ந்துவிடுகிறது. ஒரு மீட்டர் நீள அலை அரை மீட்டர் ஆழத்திலேயே அடங்கிவிடுகிறது. நூறு மீட்டர் நீள அலைக்கு அரை மீட்டர் ஆழம் ஒரு பொருட்டே இல்லை. தென்கடலில் எங்கோ பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறி வந்து நிற்கும் கள்ளக்கடல் இந்த நீண்ட அலை வகையைச் சேர்ந்தது.

எலக்ட்ரான்களின் மின்புலமும் வெற்றிடத்தைக் கடக்கும்போது இதே விதிக்கு உட்படுகிறது. இது வெறும் உவமை இல்லை. நீரின் அசைவையும் மின்புலத்தையும் அங்கே ஆள்வது லாப்லாஸ் சமன்பாடு என்னும் ஒரே சமன்பாடு. ஒரு தாளில் எலக்ட்ரான்கள் இங்கே கொஞ்சம் கூடியும் அங்கே கொஞ்சம் குறைந்தும் இருப்பதை ஓர் அலையாகக் கொண்டால், இடைவெளிக்கு அப்பால் அந்த அலையின் மின்புலம் எவ்வளவு எஞ்சும் என்பது இடைவெளிக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. மேலே சொன்ன பத்து நானோமீட்டர் கட்டமைப்பை எடுத்துக்கொண்டால், மூன்று நானோமீட்டருக்கு அப்பால் அதில் பதினைந்து விழுக்காடு எஞ்சும்; பத்து நானோமீட்டருக்கு அப்பாலோ ஆயிரத்தில் இரண்டு பங்குதான். எனவே தொலைவிலுள்ள தாளுக்கு எதிரே ஏதோ ஒரு மின்னேற்றக் கூட்டம் இருக்கிறது என்ற மங்கலான செய்தி மட்டும் எட்டுகிறது. அருகிலுள்ள தாளுக்கோ ஒவ்வோர் எலக்ட்ரானும் எங்கே நிற்கிறது என்பதே தெரிந்துவிடுகிறது.

தொலைவில் இருக்கும்போது நடப்பதைக் கூலும் இழுவை என்கிறார்கள். இதை 1977ஆம் ஆண்டிலேயே சோவியத் நாட்டின் பொக்ரெபின்ஸ்கி எதிர்பார்த்து எழுதினார். இருபரிமாண எலக்ட்ரான் அடுக்குகள் இரண்டுக்கும் தனித்தனியே மின்தொடர்பு கொடுத்து அதைத் தெளிவாக அளந்து காட்டியது, 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிரமிலா, ஐசன்ஸ்டைன் ஆகியோரைக் கொண்ட குழு. அப்போது கிராஃபீன் கிடையாது. காலியம் ஆர்சனைடு படிகத்துக்குள் இருபது நானோமீட்டரை ஒட்டிய தடுப்புச்சுவருக்கு இருபுறமும் எலக்ட்ரான் அடுக்குகளை உருவாக்கினார்கள். ஓர் அடுக்கில் ஓட்டம். மற்றதில் சுற்று மூடப்படாததால் ஓட்டம் இல்லை. ஓடும் எலக்ட்ரான்கள் தங்கள் உந்தத்தில் சிறு பங்கை எதிரடுக்குக்குக் கைமாற்ற, அங்குள்ளவை ஒரு முனையை நோக்கித் தள்ளப்பட்டுக் குவிகின்றன. அந்தக் குவியல் உண்டாக்கும் மின்னழுத்தமே அளவியில் காட்டும். எதிரடுக்கில் எலக்ட்ரான்களுக்குப் பதில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடத்தில் உள்ள வெற்றிடங்கள் இருந்தால், அழுத்தத்தின் குறி தலைகீழாகிறது.

இந்த இழுவை எவ்வளவு அற்பமானது என்பதும், ஏன் என்பதும் சற்று நின்று பார்க்கத்தக்கவை. வெப்பநிலை குறையும்போது இழுவை, வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. காலை வேளையில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் நெரிசலான பேருந்தை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் நசுங்கி நிற்பவரை எவ்வளவு தள்ளினாலும் அவர் நகர இடமில்லை. படிக்கட்டருகே நிற்பவர்தான் ஓரடி முன்னோ பின்னோ வைக்க முடியும். ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரானுக்கே இடம் என்னும் பாலியின் விலக்கு விதியால் எலக்ட்ரான் கூட்டத்திலும் இதுவே நிலைமை. ஆற்றல் வரிசையின் மேல் விளிம்பில், வெப்ப ஆற்றலின் அளவுக்குள் இருக்கும் மிகச் சிலவற்றுக்குத்தான் நிலை மாற வழியுண்டு. வெப்பநிலை பாதியானால் அத்தகையவற்றின் தொகையும் பாதியாகிறது. உந்தம் கைமாற வேண்டுமென்றால் கொடுப்பவரும் நகரக்கூடியவராக இருக்க வேண்டும், வாங்குபவரும் நகரக்கூடியவராக இருக்க வேண்டும். ஆகவே வெப்பநிலை இருமுறை பெருக்கலில் வந்து இருமடியாகிறது. ஓர் உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் தமக்குள் மோதிக்கொள்வது அதன் மின்தடையில் நேரடியாக எளிதில் வெளிப்படாது, ஏனெனில் அவற்றின் மொத்த உந்தம் மாறுவதில்லை. மாசுகளும் அதிர்வுகளும் போடும் இரைச்சலில் அது மறைந்தும்விடும். இழுவை அளவீடோ எலக்ட்ரான்–எலக்ட்ரான் மோதலை மட்டும் வடிகட்டித் தருகிறது. இதன் அருமை அதன் எண்ணளவில் இல்லை என்பதால்தான், இவ்வளவு சிறிய விளைவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியலர்கள் கைவிடாமல் அளந்துவருகிறார்கள் என்று கருதுகிறேன்.

கிராஃபீன் வந்ததும் இடைவெளி பத்து மடங்குக்கு மேல் சுருங்கியது. 2011ஆம் ஆண்டில் டெக்சஸ் பல்கலைக்கழகக் குழுவும், 2012ஆம் ஆண்டில் மான்செஸ்டர் குழுவும் கிராஃபீன் இணைகளில் இழுவையை அளந்தன. பின்னதில் போரான் நைட்ரைடு தடுப்பு ஒரு நானோமீட்டர் வரை மெலிந்திருந்தது. கிராஃபீனில் மின்வாயின் அழுத்தத்தை மாற்றியே எலக்ட்ரானையும் துளையையும் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒரே சாதனத்தில் நான்கு சேர்க்கைகளையும் சோதிக்க முடிந்தது. எதிர்பார்த்த குறிமாற்றமும் கிடைத்தது.

இனி விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கும் பகுதி. இங்கே இழுவை என்ற சொல்லே போதாமல் போகிறது. ஒரு தாளில் எலக்ட்ரான்களும் எதிர்த்தாளில் அதே அளவு துளைகளும் இருந்தால், எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்த்து இணைகளாகின்றன. இவ்விணைக்கு எக்சிட்டான் என்று பெயர். தடுப்பு நடுவில் இருப்பதால் எலக்ட்ரான் துளைக்குள் விழுந்து இரண்டும் அழிந்துபோவதும் தடுக்கப்படுகிறது. இத்தகைய இணைகள் போதிய குளிரில் ஒரே குவாண்டம் நிலைக்குள் ஒடுங்கி, உராய்வின்றி ஓடும் மீப்பாய்மமாக வேண்டும் என்பது நெடுநாளைய எதிர்பார்ப்பு.

அந்த நிலை முதலில் தென்பட்டது எலக்ட்ரான்களும் துளைகளும் உள்ள அமைப்பில் இல்லை. இரண்டு எலக்ட்ரான் அடுக்குகளில். வலுவான காந்தப்புலம் செங்குத்தாகச் செலுத்தப்படும்போது, ஒவ்வோர் அடுக்கிலும் எலக்ட்ரான்களுக்கு எண்ணிவைத்த அளவு இடங்களே கிடைக்கின்றன. இரண்டு அடுக்குகளிலும் சரிபாதி இடங்கள் நிரம்பியிருக்குமாறு அமைத்தால், மேலே எலக்ட்ரான் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே காலியிடமும், மேலே காலியிடம் இருக்குமிடத்துக்குக் கீழே எலக்ட்ரானும் அமைவதே ஆற்றலுக்குச் சிக்கனம். காலியிடத்தைத் துளை என்று எண்ணிக்கொண்டால் இணை தானாகவே கிடைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் கால்டெக்கில் ஐசன்ஸ்டைனின் குழு, விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே போனதும் இரண்டு அடுக்குகளுக்கிடையே எலக்ட்ரான் ஊடுருவல் சுழி மின்னழுத்தத்தில் கூர்மையாக எழும்புவதைக் கண்டது. 2002ஆம் ஆண்டில் அதே குழு அளந்தது இன்னும் அழுத்தமான சான்று: ஓடும் அடுக்கில், காந்தப்புலம் ஓட்டத்தை வளைப்பதால் அதற்குக் குறுக்கே தோன்றும் ஹால் மின்தடைக்குச் சமமாக, ஓட்டமே செலுத்தப்படாத அடுக்கிலும் 25,813 ஓம் தோன்றியது. முன்பு அற்பமென்று சொன்ன இழுவை, இங்கே இயற்கை மாறிலிகள் இரண்டால் மட்டுமே தீர்மானிக்கப்படும் முழு அளவை எட்டிவிடுகிறது. 2004ஆம் ஆண்டில், இரு அடுக்குகளிலும் எதிரெதிர்த் திசையில் ஓட்டம் செலுத்தினால் ஹால் மின்னழுத்தம் மறைந்துபோவதைக் கால்டெக், பிரின்ஸ்டன் குழுக்கள் இரண்டும் காட்டின. மின்னேற்றமற்ற இணைகள் காந்தப்புலத்தால் வளைக்கப்படாமல் ஓடுவதன் அடையாளம் அது.

இந்தச் சோதனைகள் மில்லிகெல்வின் அளவுக் குளிரை, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் ஆயிரத்திலொரு பங்குகளில் அளக்கும் குளிரைக் கேட்டன. காரணம் விகிதத்தில்தான் இருக்கிறது. காந்தப்புலத்தில் எலக்ட்ரானுக்கு உரிய நீள அளவு, புலம் வலுக்க வலுக்கச் சிறிதாகும். ஒரு டெஸ்லாவில் அது ஏறத்தாழ 26 நானோமீட்டர், 25 டெஸ்லாவில் ஐந்து நானோமீட்டர். காலியம் ஆர்சனைடில் அடுக்குகளின் இடைவெளியே 28 நானோமீட்டர் என்னும்போது, விகிதத்தைக் குறைவாக வைக்க வலுக்குறைந்த புலத்தோடு நிற்க வேண்டியிருந்தது; வலுக்குறைந்த புலத்தில் ஆற்றல் அளவுகளும் சிறியவை. மூன்று நானோமீட்டர் இடைவெளியில் இந்தக் கட்டு அவிழ்கிறது. 2017ஆம் ஆண்டில் ஹார்வர்டிலும் கொலம்பியாவிலும் ஒட்டிக்கிடக்கும் இரு தாள்களாலான இரட்டைக் கிராஃபீனின் இணைகளில் இதே நிலை சில கெல்வின் வெப்பநிலை வரை நிற்பது அளக்கப்பட்டது. சில கெல்வின் என்பது பிறருக்கு அற்பமாகத் தோன்றலாம். முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழப் பத்து மடங்கு முன்னேற்றம்.

காந்தப்புலமே இல்லாமல் இது நடக்குமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இதில் கோட்பாட்டாளர்களிடையே நடந்த ஒரு வழக்கு சுவையானது. 2008ஆம் ஆண்டில் ஆலன் மக்டொனால்டின் குழு, கிராஃபீன் இணையில் எக்சிட்டான் மீப்பாய்மம் அறை வெப்பநிலையை ஒட்டிக்கூட நிலைக்கலாம் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில் கரிட்டோனோவும் எஃபெடோவும் அது மில்லிகெல்வினுக்கும் மேலே போகாது என்று காட்டினர். இரு கணக்குகளுக்கும் நடுவே லட்சக்கணக்கான மடங்கு வேறுபாடு! பிழை யாருடைய கூட்டல் கழித்தலிலும் இல்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதை எவ்வாறு கணக்கில் எடுப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. ஓர் எலக்ட்ரான் எதிர்த்தாளிலுள்ள துளையை ஈர்க்க முயலும்போது, சுற்றியுள்ள மற்றவை விலகியும் கூடியும் அந்த மின்புலத்தை மழுங்கச் செய்கின்றன. கிராஃபீனில் சுழற்சிக்கு இரண்டு, பள்ளத்தாக்கு எனப்படும் உந்த நிலைக்கு இரண்டு, தாளுக்கு இரண்டு என எட்டு வகை எலக்ட்ரான்கள் இந்த மழுக்கலில் பங்கெடுக்கின்றன. எக்சிட்டான் உருவாகிவிட்டாலோ அதுவே மழுக்கலைக் குறைத்துவிடும் என்பது இன்னொரு பக்கத்து வாதம். கிராஃபீனில் நகரும் எலக்ட்ரான் நிறையற்றதைப் போல நடந்துகொள்வதும் இணைகளுக்கு உதவவில்லை.

அதனால் பார்வை, எலக்ட்ரானுக்குக் கணிசமான நிறையும், இயல்பிலேயே ஆற்றல் இடைவெளியும் உடைய டங்ஸ்டன் செலினைடு, மாலிப்டினம் செலினைடு தாள்களின் பக்கம் திரும்பியது. 2019ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் இவ்விரண்டையும் சில போரான் நைட்ரைடு தாள்கள் பிரிக்குமாறு அடுக்கி, எக்சிட்டான் ஒடுக்கத்தின் அறிகுறிகள் ஏறத்தாழ 100 கெல்வின் வரை தெரிவதாக அறிவித்தனர். அறிகுறி வேறு, உராய்வற்ற ஓட்டத்தை நேரில் அளப்பது வேறு; இந்த வேறுபாட்டை நாளேடுகள் மறந்தாலும் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பு மறக்கவில்லை, ‘சான்று’ என்ற அளவோடு நின்றது.

இதுவரை தடுப்பு இருந்தது. அதையும் எடுத்துவிட்டு இரண்டு கிராஃபீன் தாள்களை நேரடியாக ஒட்டினால், எலக்ட்ரான்கள் தாராளமாக இங்குமங்கும் தாவும். அப்போது எண்ணிக்கையின் இடத்தைக் கோணம் பிடித்துக்கொள்கிறது. முட்டம் துறைமுகத்தில் காயப்போட்ட வலைகளில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே திரும்பிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, கண்ணிகளைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு பூக்கோலம் அவற்றின்மேல் மிதப்பது கண்ணில் பட்டிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் கண்ணியுடைய இரு வலைகள் ஒரு பாகை திரும்பினால், அந்தக் கோலம் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்; 57 மடங்கு உருப்பெருக்கம் அது. இதற்கு மோரே கோலம் என்று பெயர். கிராஃபீனில் கண்ணி 0.246 நானோமீட்டர், 1.05 பாகை திருப்பினால் கோலத்தின் அளவு 13.4 நானோமீட்டர், அதன் ஓர் அறைக்குள் சுமார் 12 ஆயிரம் அணுக்கள். இந்தக் கோணத்தை ஒட்டி எலக்ட்ரான்களின் வேகம் கிட்டத்தட்டச் சுழியாகும் என்று 2011ஆம் ஆண்டில் பிஸ்ட்ரிட்சரும் மக்டொனால்டும் கணித்தனர். ஓட முடியாத எலக்ட்ரான்களுக்குத் தமக்கிடையேயான விலக்கமே முதன்மையாகிவிடும். 2018ஆம் ஆண்டில் எம்ஐடியில் பாப்லோ ஹரீயோ எர்ரேரோவின் குழு அத்தகைய தாள்களில் மின்காப்பு நிலையையும், அதையொட்டியே 1.7 கெல்வினில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்தலையும் கண்டது. மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் வுல்ஃப் பரிசு வழங்கப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் வந்த ஆரவாரத்தில் பழைய இழுவை ஆய்வுகள் சற்றே மங்கிப்போயின. ஆனால் மோரே கிராஃபீனில் எழுந்த தலையாய கேள்வியைக் கையாள, ஆய்வாளர்கள் அந்தப் பழைய உத்தியிடமே திரும்பி வந்தார்கள். மின்காப்பு நிலை எலக்ட்ரான்களின் விலக்கத்தால் வருவது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு இருந்தது. மீக்கடத்தலும் அதே விலக்கத்தின் பிள்ளைதானா, அல்லது அணுக்களின் அதிர்விலிருந்து வருவதா? விலக்கத்தை மட்டும் குறைத்துப் பார்த்தால் விடை தெரியும். 13 நானோமீட்டர் கோலத்துக்கு அருகே, அதைவிடக் குறைந்த இடைவெளியில், தாராளமாக நகரும் எலக்ட்ரான்களுடைய வேறொரு தாளை வைத்தால், அது மோரே எலக்ட்ரான்களின் மின்புலத்தை மழுக்கிவிடும். 2020ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் இப்படிச் செய்தபோது மின்காப்பு நிலை மறைந்து, மீக்கடத்தல் எஞ்சியது. அதையடுத்து 2021ஆம் ஆண்டில் பிரௌன் பல்கலைக்கழகக் குழு, மோரே தாள்களிலிருந்து மூன்று நானோமீட்டர் தள்ளி ஓர் இரட்டைக் கிராஃபீன் தாளை வைத்து, அதிலுள்ள எலக்ட்ரான்களின் அளவைக் கூட்டிக் குறைத்து, ஒரே சாதனத்திலேயே மழுக்கலை மாற்றிப் பார்த்தது. மழுக்கல் கூடியபோது மின்காப்பு நிலை தளர்ந்தது, மீக்கடத்தலோ வலுத்தது. நடுவில் இருந்த தடுப்பு, கிராஃபீன் இணைகளில் பயன்பட்ட அதே போரான் நைட்ரைடு, ஏறத்தாழ ஒன்பது தாள்.